சர்ச் டிரிப்யூனல் தீர்ப்பு இருந்தால் கோர்ட் டைவர்ஸ் வேண்டாமா?

ஓலைப்பெட்டி கேட்டது:

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் சுற்றிச் சுற்றி வரும் சந்தேகம் இது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அச்செடுத்துப் பங்கு அலுவலகத்தில் வைத்துவிடலாம்.

நிலவரம் இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண், மாப்பிள்ளை இருவரும் கத்தோலிக்கர். கோவிலில் திருப்பலியோடு நடந்த கல்யாணம். ஒரு வருடம்கூடச் சேர்ந்து வாழவில்லை. பெண் மறைமாவட்ட டிரிப்யூனலில் (திருமணம் செல்லுமா என்று ஆராயும் சபை நீதிமன்றம்) மனுக் கொடுத்து, “இந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது” என்று தீர்ப்பும் வாங்கிவிட்டாள். கோர்ட்டுக்கு இரண்டு பேரும் போகவில்லை. இப்போது வேறு வரன் அமைந்து, ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கக் கொடுக்கும் கட்டம்.

பெண் வீட்டார்: “கடவுள் முன்னால் கல்யாணமே ஆகவில்லை என்று சபையே சொல்லிவிட்டது, கோர்ட் எதற்கு?” புது மாப்பிள்ளையின் சித்தப்பா இதற்கு நேர் எதிர்: “கோர்ட் டைவர்ஸ் ஒன்றே போதும், டிரிப்யூனல் எல்லாம் சும்மா.” கூடவே ஒரு பெரியவர், “டைவர்ஸ் மனுப் போடுவதே பாவம், போட்டால் நற்கருணை கிடையாது” என்கிறார். “கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்” என்று வாசித்துவிட்டு மனிதர் நடத்தும் கோர்ட்டுக்கு அனுப்புவது எப்படி நியாயம் என்பது அவர் கேள்வி. யார் சொல்வது சரி?

---

வழக்காடி எழுதியது:

முதல் வேலையாக ஓலையை நிறுத்தச் சொல்லுங்கள். அரசுச் சட்டத்தின் கணக்கில் அந்தப் பெண் இன்றும் முதல் கணவரின் மனைவிதான்.

கிறிஸ்தவத் திருமணத்தை ரத்து செய்யவோ முறிக்கவோ இந்தியாவில் அதிகாரம் தருவது 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அந்த அதிகாரத்தை அது நீதிமன்றத்துக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகத் தீர்த்தது: சர்ச் டிரிப்யூனல் முதல் திருமணத்தைச் செல்லாது என்று சொன்னதை நம்பி நடந்த இரண்டாவது திருமணம் செல்லாமல் போனது. டிரிப்யூனல் தீர்ப்புக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டுக் கர்நாடகக் கத்தோலிக்கர் தரப்பிலிருந்து வந்த பொதுநல வழக்கையும் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. இனி இதில் வாதத்துக்கு இடமில்லை.

மீறினால் என்ன ஆகும்? முந்தைய கணவனோ மனைவியோ உயிரோடிருந்து அந்தத் திருமணமும் நடப்பில் இருந்தால், அடுத்த திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்க 1869 சட்டத்தின் 19ஆம் பிரிவு இடம் தருகிறது. இரண்டாவது திருமணம் பிறந்த அன்றே செத்த கணக்கு. முதல் கணவர் புகார் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 82ஆம் பிரிவு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 494) பாயும், 7 ஆண்டு வரை சிறை. முதல் திருமணத்தைப் புது மாப்பிள்ளையிடம் மறைத்திருந்தால் 10 ஆண்டு வரை. “முன்னாள் கணவர் நல்லவர், புகார் கொடுக்க மாட்டார்” என்பார்கள். சரி, கொடுக்க மாட்டார். வாரிசுச் சான்றிதழும் குடும்ப ஓய்வூதியமும் வரும் நாளில் தாலுகா அலுவலகத்தில் முதல் கல்யாணத்தின் சான்று வெளியே வந்தால் இரண்டாவது கணவரின் பிள்ளைகள்தான் அல்லாடுவார்கள்.

இனி வழி. இருவரும் ஒத்துக்கொண்டால் அதே 1869 சட்டத்தின் 10ஏ பிரிவு, பரஸ்பர சம்மத விவாகரத்து. 2001 திருத்தத்தில் வந்தது. சட்ட வாசகப்படி 2 ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கூட்டு மனுப் போட்ட பிறகு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மீண்டும் வந்து உறுதி சொல்ல வேண்டும். இந்து, சிறப்புத் திருமணச் சட்டங்களில் பிரிவுக் காலம் ஓராண்டுதான். அதனால் கேரள உயர் நீதிமன்றம் 2010இல் இந்த 2 ஆண்டை 1 ஆண்டு என்று வாசிக்கச் சொன்னது. 2022 டிசம்பரில் அந்த ஓராண்டுக் காத்திருப்பையும் அரசியல் சாசனத்துக்கு முரண் என்று நீக்கியது. மற்ற ஊர்களில் உங்கள் குடும்ப நீதிமன்றம் எதைப் பின்பற்றுகிறது என்று விசாரித்த பிறகு மனுப் போடும் நாளைக் குறியுங்கள்.

கணவர் ஒத்துவராவிட்டால் 10ஆம் பிரிவு: கொடுமை, 2 ஆண்டு கைவிட்டுப் போனது, பிறர் உறவு முதலியவை. இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். டிரிப்யூனல் தீர்ப்பின் நகலை இணைத்து, “ஏற்கெனவே செல்லாது என்றாகிவிட்டது, நீங்களும் அப்படியே அறிவியுங்கள்” என்று 18ஆம் பிரிவில் மனுப் போடுவது. 19ஆம் பிரிவில் உள்ள காரணங்கள் மிகக் குறுகலானவை: திருமண நாளிலும் வழக்கு நாளிலும் ஆண்மைக் குறைவு அல்லது தாம்பத்திய இயலாமை, விலக்கப்பட்ட உறவுமுறை, திருமண நேரத்தில் சித்தசுவாதீனம் இல்லாமை, முந்தைய துணை உயிரோடு இருப்பது, இதோடு வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதம். டிரிப்யூனலில் அதிகம் நிற்கும் ‘உளமுதிர்ச்சிக் குறைவு’ இந்தப் பட்டியலில் கிடையாது. ஆகவே சபை செல்லாது என்று சொன்ன பெரும்பாலான திருமணங்கள் கோர்ட்டில் விவாகரத்தாகத்தான் முடியும்.

மனு எங்கே? திருமணம் நடந்த ஊர், அல்லது இருவரும் வசிக்கும் ஊர், அல்லது கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரின் குடும்ப நீதிமன்றம். கோவில் திருமணப் பதிவேட்டு நகல் வேண்டும். அதில் ‘சவேரியம்மாள்’, ஆதாரில் ‘சுகன்யா’ என்று இருப்பது நம் பக்கம் சாதாரணம். மனுவின் முதல் பத்தியிலேயே “சவேரியம்மாள் என்கிற சுகன்யா” என்று போட்டு, ஞானஸ்நானச் சான்றையும் பள்ளிச் சான்றையும் சேர்த்து ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மனு திரும்பி வரும். தீர்ப்பு வந்த பிறகு தெரிந்தால் இன்னும் பெரிய தலைவலி.

தீர்ப்பு வந்த மறுநாளே கல்யாணம் வைக்காதீர்கள். 57ஆம் பிரிவுப்படி மேல்முறையீட்டுக் காலம் முடிந்து தீர்ப்பு இறுதியான பிறகே மறுமணம்.

---

திருச்சட்டம் எழுதியது:

சபைச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 1059: கத்தோலிக்கரின் திருமணத்தை ஆள்வது இறைச்சட்டமும் சபைச் சட்டமும்; சிவில் விளைவுகள் மட்டும் அரசின் உரிமை. எண் 1071 இன்னும் நேரடி: அரசுச் சட்டம் ஏற்க முடியாத திருமணத்தை ஆயரக (பிஷப் அலுவலக) அனுமதி இல்லாமல் பங்குத்தந்தை நடத்திவைக்கக் கூடாது. ஆகவே பெண் வீட்டார் கையில் டிரிப்யூனல் தீர்ப்பு இருந்தாலும் பங்குத்தந்தை ஓலை வாசிக்க மறுப்பது அவருடைய பிடிவாதம் இல்லை.

சித்தப்பா சொன்னதும் தவறு. 1085: முதல் திருமணம் செல்லாது என்பது முறைப்படி உறுதியாகும் வரை அடுத்த திருமணம் கூடாது. கோர்ட் டைவர்ஸ் மட்டும் இருந்தால் சபையின் கண்ணில் முதல் பந்தம் அப்படியே நிற்கிறது. திருமுழுக்குப் பெற்ற இருவர் முறைப்படி மணந்து தாம்பத்தியத்தாலும் நிறைவுற்ற திருமணத்தைச் சாவைத் தவிர எந்த மனித அதிகாரமும் கலைக்க முடியாது என்கிறது 1141. ‘எந்த’ என்பதில் போப்பும் அடக்கம். டிரிப்யூனல் எதையும் கலைப்பதில்லை. பீடத்தின் முன் சம்மதம் சொன்ன அந்தக் கணத்தில் திருமணம் உண்டானதா என்று மட்டும் பார்க்கிறது. உண்டானது என்றால் மனு தோற்கும். சந்தேகம் தீராவிட்டாலும் தோற்கும், ஏனென்றால் 1060இன்படி சந்தேகத்தின் பலன் திருமணத்துக்கு.

மனுக்கள் தோற்பதற்கு முக்கியக் காரணமும் இதுவே. “குடித்தான், அடித்தான், நகையை விற்றான்” என்று கோர்ட் மனுவை அப்படியே பெயர்த்து எழுதிக் கொண்டுவருகிறார்கள். கோர்ட்டுக்கு அது கொடுமை, போதும். டிரிப்யூனலுக்கு அது கல்யாணத்துக்குப் பிந்தைய கதை. குடி அடிமைத்தனம் கல்யாணத்துக்கு முன்பே வேர்விட்டிருந்தது, திருமணப் பொறுப்புகளை ஏற்க அவனால் அன்றே இயலவில்லை என்று காட்டினால்தான் 1095இன் கீழ் வரும். அதற்குச் சாட்சி பெண்ணின் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அவனைக் கல்யாணத்துக்கு முன்பு அறிந்தவர்கள்: அண்ணன், விடுதித் தோழன், வேலை பார்த்த இடத்து மேலாளர். பழைய சிகிச்சைச் சீட்டு கிடைத்தால் மூன்று சாட்சிக்குச் சமம். பிள்ளையே வேண்டாம் என்றோ உண்மையாக இருக்கப்போவதில்லை என்றோ முன்கூட்டியே முடிவோடு மணந்திருந்தால் 1101; முக்கியமான ஒரு தன்மையைச் சம்மதம் வாங்குவதற்காகவே மறைத்து ஏமாற்றினால் 1098; அச்சமும் கட்டாயமும் 1103. நம் ஊரில் 1103 உண்மையிலேயே பொருந்தும் வழக்குகள் உண்டு. காதலைப் பிரித்து ஒரே மாதத்தில் நடத்திவைத்த கல்யாணங்களைச் சொல்கிறேன்.

நடைமுறை: கல்யாணம் நடந்த மறைமாவட்டம், இருவரில் ஒருவர் வசிக்கும் மறைமாவட்டம், அல்லது சாட்சியங்கள் பெரும்பாலும் கிடைக்கும் இடம், இவற்றில் ஒன்றில் மனு. திருமணம் சரிசெய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்று முதலில் உறுதி செய்துகொள்வார்கள். அதற்காகச் சில டிரிப்யூனல்கள் கோர்ட் தீர்ப்பையோ வழக்கு எண்ணையோ கேட்கும். மனுவின் நகல் எதிர்த்தரப்புக்கும், திருமணப் பிணைப்பைக் காத்து வாதிடும் அதிகாரிக்கும் போகும். பதிலுக்கு 15 நாள். பிறகு எந்தக் காரணத்தின் பேரில் விசாரணை என்பது எழுத்தில் வரும். தரப்பினர், சாட்சிகள் தனித்தனியாக வாக்குமூலம் கொடுப்பார்கள். கோர்ட் போல நேருக்கு நேர் குறுக்கு விசாரணை கிடையாது. 1095 என்றால் உளவியல் நிபுணர் கருத்தும் வாங்குவார்கள். மூன்று நீதிபதிகள் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு 15 நாள். முன்பு இரண்டாவது டிரிப்யூனலும் ஒத்துத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. போப் பிரான்சிஸ் கொண்டுவந்த திருத்தம் 2015 டிசம்பர் 8 முதல் அதை நீக்கிவிட்டது. முதல் கட்ட விசாரணை ஓராண்டுக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. இருவரும் ஒத்து, சான்றும் பளிச்சென்று இருந்தால் ஆயரே தீர்க்கும் குறுகிய முறையும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. கணவருக்குத் தகவலே போகக் கூடாது என்று பழைய முகவரியைக் கொடுப்பவர்கள் உண்டு. முறைப்படி அழைத்தும் அவர் வராவிட்டால் வழக்கு அவர் இல்லாமலே நடக்கும், பிரச்சினை இல்லை. தற்காப்பு உரிமையே மறுக்கப்பட்டிருந்தால், 1620இன்படி அந்தத் தீர்ப்பைச் சரிசெய்யவே முடியாது, தீர்ப்பே செல்லாது. மறுமணத்துக்குப் பிறகு அவர் கிளம்பி வந்தால் கதை முதலிலிருந்து.

தீர்ப்பு வந்ததும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். சிலசமயம் “ஆயரக அனுமதி இல்லாமல் இவர் மறுமணம் செய்யக் கூடாது” என்று ஒரு தடை வரி இருக்கும். உளவியல் காரணத்தில் வென்றவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். அது மனுதாரர் பேரிலும் இருக்கலாம். அடுத்து, திருமணப் பதிவேட்டிலும் இருவரின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஓரக்குறிப்பு ஏறியதா என்று பாருங்கள். டிரிப்யூனல் கடிதம் அனுப்பியிருக்கும், ஞானஸ்நானம் பெற்ற பங்கு வேறு ஊராக இருந்தால் அங்கே யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மறுமணத்துக்குப் புதிதாக எடுக்கும் ஞானஸ்நானச் சான்றில் முதல் கல்யாணம் மட்டும் இருந்து ரத்துக் குறிப்பு இல்லாவிட்டால் எந்தப் பங்குத்தந்தையும் கையெழுத்துப் போட மாட்டார்.

பெரியவருக்குப் பதில்: கத்தோலிக்க மறைக்கல்வி நூல் எண் 2383. சட்ட உரிமைகளையும் பிள்ளைகளின் பராமரிப்பையும் சொத்துரிமையையும் காக்க சிவில் விவாகரத்து ஒன்றே வழி என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அது ஒழுக்கக் குற்றமாகாது. ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது என்பதையெல்லாம் டிரிப்யூனல் தீர்க்காது, தீர்க்கவும் முடியாது. டைவர்ஸ் வாங்கிய காரணத்தாலேயே யாருக்கும் நற்கருணை மறுக்கப்படுவதில்லை. சிக்கல் தொடங்குவது சபைத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்யும்போதுதான்.

---

அப்போஸ்தலர்529 எழுதியது:

இவ்வளவு எண்களும் எதற்கு? “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்று பேதுரு சொன்னார். சபை செல்லாது என்று சொன்ன பிறகு கோர்ட் வாசலில் நிற்கச் சொல்வது சபை அரசுக்கு மண்டியிடுவதல்லவா?

---

திருச்சட்டம் எழுதியது:

பேதுரு அதைச் சொன்ன இடத்தைப் பாருங்கள் பிரதர். இயேசுவின் பெயரில் போதிக்கக் கூடாது என்று ஆலோசனைச் சங்கம் தடை போட்டிருந்தது. கடவுள் கட்டளையிட்டதைச் செய்யாதே என்ற உத்தரவு அது. இங்கே கோர்ட் அப்படி எதையும் உத்தரவிடவில்லை. டைவர்ஸ் தீர்ப்பு ‘மறுமணம் செய்யலாம்’ என்று அனுமதிக்கிறது, செய்தே ஆக வேண்டும் என்று யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. அதே 1869 சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு: பிறர் உறவுக் குற்றத்தால் முறிந்த திருமணத்தின் குற்றவாளித் தரப்புக்கு மறுமணம் நடத்திவைக்க இங்கிலாந்துத் திருச்சபைக் குருவைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 58ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். அடுத்த பிரிவிலேயே, அவர் மறுத்தால் வேறொரு குரு அதே கோவிலில் நடத்த இடம் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். வெள்ளைக்காரச் சட்டத்தின் சமரசம் அப்படி.

உண்மையான உரசல் வேறு இடத்தில் இருக்கிறது. 2002 ஜனவரியில் ரோமன் ரோட்டா (திருமண வழக்குகளைக் கேட்கும் வத்திக்கான் நீதிமன்றம்) நீதிபதிகளிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால், சட்டத் தொழிலில் உள்ளவர்கள் விவாகரத்துக்குத் துணைபோகக் கூடாது என்றார். வழக்கறிஞர்கள் தொழில் சுதந்திரத்தால் மறுக்க முடியும். நீதிபதிகளுக்கு அது கடினம் என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார். பராமரிப்பு, பாதுகாப்பு போன்ற நியாயமான விளைவுக்காக நடத்தும் வழக்கை அவர் அதில் சேர்க்கவில்லை. வழக்காடி போன்றவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய எல்லைக்கோடு அங்கேதான் ஓடுகிறது.

---

தரங்கை எழுதியது:

சீர்திருத்த சபைகளில் இந்த இரட்டை வழக்கு கிடையாது. லூத்தர் 1520 டிசம்பர் 10 அன்று விட்டன்பர்க்கில் போப்பின் ஆணையோடு சபைச் சட்டப் புத்தகங்களையும் சேர்த்தே எரித்தார். 1529இல் எழுதிய திருமண ஒழுங்கில், திருமணம் உலக அரசின் காரியம் என்றே தொடங்குகிறார். ஆகவே லூத்தரன் சபையிலோ சி.எஸ்.ஐ.யிலோ திருமணத்தை ஆராய்ந்து செல்லாது என்று அறிவிக்கும் டிரிப்யூனலைத் தேடாதீர்கள். முறிவுக்கு கோர்ட் தீர்ப்புதான் ஆதாரம்.

அதற்காக, தீர்ப்பைக் காட்டினால் ஐயர் (சபைப் போதகர்) உடனே தாலி எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். மத்தேயு 19:9இல் உள்ள ‘வேசித்தனம்’ என்ற விலக்கும், 1 கொரிந்தியர் 7:15இல் அவிசுவாசி பிரிந்துபோனால் என்ற விலக்கும் இந்த வழக்குக்குப் பொருந்துமா என்று பார்ப்பார்கள். தீர்ப்பின் முழு நகலோடு போங்கள். பரஸ்பர சம்மதத் தீர்ப்பில் காரணமே எழுதியிருக்காது என்பதால் கேள்விகள் அதிகம் வரும். இது ஒரு கசப்பான முரண்: கோர்ட்டில் கௌரவமாக, சேறு வாரி வீசாமல் பிரிந்தவருக்குத்தான் சபையில் விளக்கம் சொல்லும் வேலை அதிகம்.

---

ஓலைப்பெட்டி கேட்டது:

நன்றி ஐயா. இன்னொன்று: ரிஜிஸ்டர் ஆபீஸில் மட்டும் கல்யாணம் செய்த கத்தோலிக்கருக்கு? அத்தை மகன், தாய்மாமன் கல்யாணத்துக்கு ஏன் ஆயரகத்துக்கு எழுதுகிறார்கள்? அதுவும் இறைச்சட்டமா?

---

திருச்சட்டம் எழுதியது:

ரிஜிஸ்டர் ஆபீஸ் விஷயம் உங்கள் முதல் கேள்வியின் தலைகீழ். அரசுக்கு அவர் மணமானவர்; சபைக்கு அது திருமணமே இல்லை, ஏனென்றால் அதிகாரம் பெற்ற குருவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது 1108. இந்த முறைமை 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கொண்டுவந்தது, சபை போட்ட விதி. ரகசியக் கல்யாணங்களைத் தடுக்க வந்தது. இப்படிப்பட்டவர் பிரிந்தால் நீண்ட விசாரணை இல்லை: கோர்ட் தீர்ப்பு, ஞானஸ்நானச் சான்று, கோவிலில் பின்னர் முறைப்படுத்தவில்லை என்பதற்கான பங்குத்தந்தை கடிதம் வைத்து ஆயரகம் ஆராய்ந்து சொல்லிவிடும்.

உறவுமுறைத் திருமணத்தில் இரண்டு சட்டமும் கலந்தே இருக்கிறது. 1091 பக்கவழி உறவில் நான்காம் படி வரை தடுக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் நான்காம் படி. தாய்மாமனும் அக்காள் மகளும் மூன்றாம் படி. இவை சபை வைத்த தடை, ஆயர் விலக்கு தரலாம். மூன்றாம் படிக்கு எளிதில் தர மாட்டார்கள். அண்ணன் தங்கை இரண்டாம் படி, அதற்கும் நேர்வழி உறவுக்கும் விலக்கு ஒருநாளும் இல்லை என்கிறது 1078.

அரசு இங்கே சபையைப் பார்த்து நடக்கிறது என்பதுதான் சுவாரசியம். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, தரப்பினரின் சொந்தச் சட்டம் தடுக்கும் திருமணத்தை இந்தச் சட்டம் செல்லுபடியாக்காது என்கிறது. கத்தோலிக்கர் இருவரின் உறவுமுறைத் திருமணம் பற்றிய வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் சபைச் சட்டத்தையே அளவாக எடுத்து, சபை விலக்குக் கொடுத்தால் தடை நீங்கிவிடும் என்று தீர்த்தது. அதனால் விலக்குக் கடிதத்தைக் கல்யாணப் பதிவேட்டோடு கோத்துவைத்து நகல் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். விண்ணப்பத்தில் இருவரின் பொதுப் பாட்டன் பாட்டி வரை வம்சக் கோடு வரைந்து கொடுக்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு ஓலைக்கு முந்தைய வாரம் வந்து நிற்காதீர்கள்.